கொஞ்சம் என்று டொக்டர் சொல்லவில்லை

போன மாதம் மருந்து எடுக்கப் பதுளைக்குப் போனபோது, பழைய இடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாமென்று மாடி ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு புடவைக் கடையின் மேல்மாடி. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தகைமைப் பரீட்சைக்கு அங்கேதான் நான் எழுத்துப் பாடம் நடத்தி வந்தேன். இப்போது என் இடத்தில் கீர்த்தனா என்ற பிள்ளை படிப்பிக்கிறாள். தேநீர் வரவழைத்துத் தந்துவிட்டு அவள் கேட்டாள்:

"டீச்சர், இப்ப போன்ல ஒரு வசனத்தப் போட்டா அதுவே வேற மாதிரி மாத்திக் குடுத்துருது. பிள்ளைக அத எங்கிட்டயே காட்டிச் சிரிக்கிதுக. இத இன்னும் சொல்லிக் குடுக்கிறதுல அர்த்தம் இருக்கா?"

பரீட்சை மண்டபத்துக்குள் போனைக் கொண்டுபோக முடியாதே என்று சொல்லிச் சமாளித்தேன். அது உண்மைதான். ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. பசறை பஸ்ஸில் வீடு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். என்னிடம் பதில் என்று ஒன்று இருந்தால், அது புஷ்பராணி என்ற தாதியின் கதையில்தான் இருக்கிறது. வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பரீட்சையில் கட்டுரை எழுத ஒரு கேள்வி தருவார்கள். முதல் பந்தியில் அந்தக் கேள்வியை நம்முடைய சொந்த வார்த்தைகளில் திருப்பிச் சொல்ல வேண்டும். தாளில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதினால் அந்த வரிகளைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். வார்த்தையை மாற்றப்போய்க் கருத்தும் மாறிவிட்டால், கேள்வியே விளங்கவில்லை என்று ஆகிவிடும். கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் அதிகம் பேர் சறுக்குவது அந்த முதல் நாலு வரியில்தான்.

நான் பிறந்தது பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டப் பள்ளிக்கூடம், பதுளையில் உயர்தரம், ஆசிரியர் கலாசாலை, பிறகு அரசாங்கப் பாடசாலையில் ஆங்கிலம். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சனி ஞாயிறுகளில் நிஸ்தார் சேரின் கல்வி நிலையத்தில் வகுப்பெடுக்கத் தொடங்கினேன். பென்ஷன் எடுத்த பிறகு முழு நேரமும் அங்கேதான். உண்மையில் நான் வேலை கற்றுக்கொண்டது அந்த மாடியில்தான்.

நிஸ்தார் சேர் பண்டாரவளைக்காரர். ஒல்லியான மனிதர். சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் பூட்டியிருப்பார். கோபம் வந்தால் அவருடைய குரல் இறங்கும். நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வோம். வகுப்பு வாசலில் 'ஆங்கிலம் மட்டும்' என்று ஒரு போர்டு மாட்டியிருந்தார். உள்ளே வந்தால் தண்ணீர் கேட்பதானாலும் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும். அதில் அவருக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது.

கேள்வியைத் திருப்பிச் சொல்வதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் பென்சிலை எடுத்து, மாற்றத் தேவையில்லாத சொற்களுக்கு வட்டம் போட வேண்டும். ஆஸ்பத்திரி, பஸ், தண்ணீர் போன்றவை. தண்ணீருக்கு வேறு பெயர் தேடுகிறவன் தாகத்தோடு போவான் என்பார். அடுத்து, சிறிய சொற்களுக்குக் கீழே கோடு. சிலர், பெரும்பாலும், கூடும், மட்டும். இவைதான் கேள்வியின் ஆணிகள். இவற்றில் ஒன்றைக் கழற்றினாலும் கேள்வி வேறு கேள்வியாகிவிடும். 'சிலர் நினைக்கிறார்கள்' என்பது எழுதும்போது 'மக்கள் நினைக்கிறார்கள்' ஆகக்கூடாது. மூன்றாவது, தாளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பார்க்காமல் எழுத வேண்டும். கடைசியில் தாளைத் திருப்பி, கருத்து சரியா என்று மட்டும் ஒத்துப் பார்க்க வேண்டும். தாளைக் கவிழ்க்கும்போது அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்து ஒரு கணம் அழுத்துவார். அந்தப் பழக்கம் என்னிடமும் ஒட்டிக்கொண்டது.

மொனராகலையிலிருந்து ஓர் இளைஞன் வருவான். கொழும்பில் யாரோ விற்ற ஆயத்த வசனங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். மிருகக்காட்சிச்சாலைகள் தேவையா என்று ஒரு கேள்வி. அவனுடைய முதல் வசனம் நவீன நகரங்களின் நெரிசலைப் பற்றியது; அடுத்தது கூண்டில் இருக்கும் விலங்குகளைப் பற்றியது. நிஸ்தார் சேர் இரண்டையும் அவனையே சத்தமாக வாசிக்க வைத்தார். பிறகு மெதுவாக, இந்த இரண்டு வசனங்களும் இதற்கு முன் எங்கேயாவது சந்தித்திருக்கின்றனவா என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். அடுத்த வாரம் அந்த ஆயத்த வசனங்களை வீட்டில் வைத்துவிட்டு வந்தான்.

புஷ்பராணியை அப்படிச் சிரிக்க வைத்துத் திருத்த முடியவில்லை.

அவள் பதுளையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தாள். பசறைப் பக்கத்துத் தோட்டம்தான் அவளுக்கும் ஊர். கணவர் ஓட்டோ ஓட்டுகிறார், இரண்டு பெண் பிள்ளைகள், தோட்டத்து லய வீட்டில் அம்மா. இங்கிலாந்தில் ஒரு வேலைக்கு எல்லாம் சரியாகியிருந்தது. வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் வேண்டிய புள்ளி வந்துவிட்டது. எழுத்தில் மட்டும் அரைப் புள்ளி குறைந்துகொண்டே இருந்தது. டியூட்டி முடிந்து சீருடையோடு நேராக வகுப்புக்கு வருவாள். முன் வாங்கில் உட்காருவாள். நான் சொல்வதற்கெல்லாம் "சரி டீச்சர்" என்பாள்.

அவளுடைய தாளைத் திருத்தும்போது எனக்குத் தலை சுற்றும். ஒன்றில் கேள்வியை அப்படியே எழுதியிருப்பாள். இல்லாவிட்டால் வசனம் நின்ற இடத்திலேயே நிற்க, ஒவ்வொரு சொல்லையும் பிடுங்கி அதற்குப் பதிலாக இன்னொன்றை நட்டிருப்பாள். பழைய லயத்துக்குப் புதிதாய் வெள்ளை அடித்த மாதிரி. உள்ளே அதே ஓரறைக் காம்பராதான். தனியாக வாழும் முதியவர்களைப் பற்றிய கேள்வியில், முதியவர்களுக்கு 'ஏன்ஷன்ட் பீப்பிள்' என்று போட்டிருந்தாள். இடிந்த கோட்டைக்கும் பழைய விகாரைக்கும் சொல்கிற சொல். குழந்தைகளை 'ஜுவனைல்ஸ்' ஆக்கியிருந்தாள். பொலிஸ் பிடித்துப்போன பிள்ளைகள் போல இருக்கிறதே என்றேன். அகராதியில் இருக்கிறது டீச்சர் என்றாள்.

நிஸ்தார் சேரின் முறையை அவளுக்கு எத்தனை தரம் காட்டியிருப்பேன். தாளைக் கவிழ்த்தால் அவளுடைய பேனை அசையாது. உட்கார்ந்து கவிழ்ந்த தாளையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் தடவையும் அதே அரைப் புள்ளியில் போன பிறகு வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். போன் பண்ணினேன், எடுக்கவில்லை. இது அவளுக்கு வராது என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்த வருடம் மழைக் காலத்தில் என் கணவருக்குக் காலில் ஒரு புண். பதுளை–பசறை ரூட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சீனி வியாதி. சின்னப் புண்தானே என்று இருந்தோம். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பாதம் கறுத்திருந்தது.

வார்ட்டில் புஷ்பராணி இருந்தாள். என்னைக் கண்டதும் வகுப்புக்கு வராததுபற்றிக் கேட்பேனோ என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் தாதி மட்டும்தான்.

காலையில் சத்திரசிகிச்சை டொக்டர் வந்தார். சிங்களவர், இளம் வயது, அன்பான மனிதர். நான் ஆங்கில ஆசிரியை என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் நல்லதாகப் போயிற்று என்று சொல்லி, என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். ஒழுங்காக, வரிசையாக விளக்கினார். நான் தலையாட்டினேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல். அவற்றை வகுப்பில் படிப்பித்தும் இருக்கிறேன். ஆனால் அவர் போன பிறகு, அவர் என்ன சொன்னார் என்று என்னையே கேட்டுக்கொண்டபோது உள்ளே ஒன்றுமே இல்லை.

புஷ்பராணி பக்கத்தில் வந்தாள். என் கையைப் பிடித்து வாங்கில் உட்கார வைத்தாள். தானும் உட்கார்ந்தாள்.

"டீச்சர், டொக்டர் சொன்னது இதுதான். பாதத்துக்கு இனி ரத்தம் போகாது. அது செத்துப்போச்சு. அதுல இருக்கிற விசம் மேல ஏறிக்கிட்டு இருக்கு. காலக் காப்பாத்தணும்னு பாத்துக்கிட்டு இருந்தா ஆளு நமக்கு இல்ல. முட்டிக்குக் கீழ எடுக்கணும். இன்னைக்கே எடுக்கணும்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் என் கையை விடவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. அழுது முடித்த பிறகு, ஒப்பரேஷனுக்கு ஐயாதான் கையெழுத்துப் போட வேண்டும், அவருக்கு நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டாள். நானே சொல்கிறேன் என்றேன்.

அவர் காய்ச்சலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டுத் திறந்தார். நான் போர்வையைச் சரிசெய்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். பிறகு சொன்னேன்:

"சின்ன ஒப்பரேஷன் ஒன்னு செய்யணுமாம். கால்ல கொஞ்சம் எடுக்கணுமாம்."

அவர் "ம்" என்றார். விரலைத்தான் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். கட்டிலின் கால்மாட்டில் நின்ற புஷ்பராணி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னாள்:

"டீச்சர், கொஞ்சம்னு டொக்டர் சொல்லல."

அதில் கண்டிப்பு இல்லை. நான் தவறவிட்ட பொருளை எடுத்துக் கையில் தருகிற மாதிரிச் சொன்னாள். சிலர் என்பதை எல்லோரும் என்று எழுதிய பிள்ளைகளின் தாளில் எத்தனை வருடம் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். அவரிடம் திரும்பி, இந்தத் தடவை அவள் சொன்ன மாதிரியே, ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். முட்டிக்குக் கீழே. இன்றைக்கே.

அவர் போர்வைக்குள் இருந்த காலைப் பார்த்தார். "எடது கால்," என்றார். "கிளச்சு மிதிச்ச கால்." பிறகு புஷ்பராணியைப் பார்த்து, எந்த இடம் வரைக்கும் என்று கேட்டார். அவள் தன் காலிலேயே கையை வைத்துக் காட்டினாள். முட்டி தப்பும், முட்டி இருந்தால் பொய்க்கால் போட்டு நடக்கலாம், ஆனால் பழக நாளாகும், முதலில் வலிக்கும் என்றாள். அவர் பேனையைக் கேட்டார்.

ஒப்பரேஷன் முடிந்தது. காய்ச்சல் இறங்கியது. அதன்பிறகு பல நாட்கள் அந்த வார்ட்டில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். வேறு வேலை இல்லாததால் புஷ்பராணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டொக்டர் ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்லிவிட்டுப் போவார். அவள் அதை ஒரு கட்டிலில் தோட்டத்து ஆளுக்கு ஒரு மாதிரி, அடுத்த கட்டிலில் பதுளை பஸார் முதலாளிக்கு வேறு மாதிரி, அதற்கடுத்த கட்டிலில் ஒரு சிங்கள அம்மாவின் மகனுக்குச் சிங்களத்தில் இன்னொரு மாதிரிச் சொல்வாள். ஒருவரிடம் சொன்ன சொல் அடுத்தவரிடம் இருக்காது. ஆனால் மூன்று பேருக்கும் போய்ச் சேர்வது ஒரே செய்திதான். வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்பதைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணிடம், "விடிஞ்சதுலருந்து பச்சத்தண்ணி கூட வாயில படக்கூடாது, எச்சில மட்டும் முழுங்கிக்க" என்றாள்.

ஒரு மத்தியானம் அவள் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். இங்கே இவ்வளவு அழகாக மாற்றிச் சொல்கிறீர்களே, வகுப்பில் மட்டும் ஏன் பேனை நின்றுபோகிறது?

அவள் ஆச்சரியப்பட்டாள். "நான் எங்க டீச்சர் மாத்துறேன்? அவங்களுக்கு விளங்குற மாதிரி சொல்றேன், அவ்வளவுதான்."

பிறகு, சோற்றைப் பிசைந்துகொண்டே, தாதிப் பயிற்சியின் முதல் வருடத்தில் நடந்ததைச் சொன்னாள். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய மருந்து. அதை அட்டையில் நாளுக்கு நான்கு தடவை என்று எழுதிவிட்டாள். கணக்கு ஒன்றுதானே என்று நினைத்திருக்கிறாள். வார்ட் சிஸ்டர் அதைக் கண்டு, எல்லோர் முன்னிலையிலும் நிறுத்திக் கேட்டாராம்: காலையிலிருந்து இரவுக்குள் நான்கையும் கொடுத்துவிட்டு நோயாளியைத் தூங்க விட்டால் அதுவும் நாலு தடவைதானே, அது சரியா? மருந்து தவறவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவளுக்கு அந்த நாள் மனதை விட்டுப் போகவே இல்லை.

"அன்னையிலருந்து பேனைய எடுத்தா வேற வார்த்த வராது டீச்சர். கை பயப்படுது. வாயால சொல்றப்ப எதுத்தாப்புல ஆளு இருக்கு. மொகத்தப் பாத்தா விளங்கிச்சா இல்லையான்னு தெரிஞ்சுரும். பேப்பர்ல யாரு இருக்கா?"

நான் அவளிடம், நான் இருக்கிறேன், வகுப்புக்கு வாங்க என்றேன்.

என் கணவர் வீடு வந்து, என் தங்கை துணைக்கு வந்த பிறகு மறுபடி மாடி ஏறினேன். புஷ்பராணியும் வந்தாள். இங்கிலாந்திலிருந்து வந்த வேலைக் கடிதத்தின் தவணை முடியப்போகிறது, இதுதான் கடைசித் தடவை என்றாள். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்க, நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். வைத்தியசாலைச் சேவை எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டுமா, வசதி உள்ளவர்கள் கட்டணம் செலுத்த வேண்டுமா என்பது கேள்வி. வாசித்தாள், வட்டம் போட்டாள், கோடு போட்டாள். தாளைக் கவிழ்த்தேன். அவளுடைய கண் அதிலேயே நின்றது.

"அதப் பாக்காதீங்க. என்னயப் பாருங்க. அன்னைக்குத் தாழ்வாரத்துல எனக்குச் சொன்னீங்களே, அப்படிச் சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க."

அவள் வாசலில் இருந்த போர்டைப் பார்த்தாள். பரவாயில்லை என்றேன்.

"சில பேரு என்ன சொல்றாங்கன்னா டீச்சர், ஒடம்புக்கு முடியாம வர்றவங்ககிட்ட காசே வாங்கக்கூடாதாம். இன்னுஞ் சில பேரு, கையில இருக்கிறவங்க குடுக்கட்டும், இல்லாதவங்களுக்கு மட்டும் சும்மா பாத்தா போதும்ங்கிறாங்க. இதுல நம்ம என்ன நெனைக்கிறோம்னு கேக்குறாங்க."

"இப்ப நான் தமிழ் தெரியாத ஆளு," என்றேன். என் முகத்தைப் பார்த்தபடி அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். ஓரிடத்தில் எனக்கு விளங்காத மாதிரி புருவத்தைச் சுருக்கினேன். நிறுத்தி, வேறு விதமாகச் சொன்னாள். சொன்ன சூட்டோடு எழுதச் சொன்னேன். தாளைத் திருப்பி ஒத்துப் பார்த்தோம். கேள்வியிலிருந்த வசனத்தின் சாயலே இல்லை. சிலர் சிலராகவே இருந்தார்கள்.

திரும்பினால், நிஸ்தார் சேர் கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை அங்கேயிருந்து எழவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தமிழ் உள்ள வந்தா இங்கிலீஷ் ஓடிப்போயிடும்னு பயந்துட்டேன் மிஸ். அந்தப் போர்டக் கழட்டச் சொல்லுங்க."

படியில் இறங்கும்போது திரும்பி நின்றார். தாள் கவிழ்ந்திருக்கும்போது மட்டும்தான் தமிழ், தாளைத் திருப்பியதும் ஆங்கிலம் என்று ஒரு நிபந்தனை போட்டார். அவர் அவர்தான்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. வெறும் கதிரையைப் பார்த்து எழுத அவளுக்குப் பல வாரங்கள் பிடித்தன. முதலில் நான் எதிரில் இருந்தேன். பிறகு வாசலருகில் போய் நின்றேன். பிறகு அறையை விட்டே போனேன். பரீட்சைக்கு முந்திய ஞாயிறு, மண்டபத்தில் யாரை எதிரில் வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். அம்மாவை என்றாள். அம்மா ஆங்கிலம் கேட்டதில்லை, அதனால் இன்னும் கவனமாகச் சொல்வேன் என்றாள்.

கண்டிக்குப் போய் எழுதிவிட்டு வந்தாள். முடிவு வந்த நாள் எங்கள் வீட்டுக்கே வந்தாள். பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு என் கணவர் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அவள் போனை என்னிடம் நீட்டினாள். எழுத்துக்கு எதிரே வேண்டிய புள்ளி இருந்தது. குறையவும் இல்லை, கூடவும் இல்லை. நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. "என்னம்மா சொல்லுது?" என்று கேட்டார்.

எதைக் கேட்டாலும் உடனே சொல்கிறவள், போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போகச் சொல்லுது, ஐயா," என்றாள். சொல்லிவிட்டு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய சின்ன மகள் அப்போதுதான் முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். இந்த நாளுக்காக நாங்கள் எல்லோரும் பாடுபட்டோம். இந்த நாள் வந்தால் என்ன ஆகும் என்பதை ஒருவரும் வாய்விட்டுப் பேசியதில்லை. உள்ளே போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். வெளியே அவர் பேசுவது கேட்டது.

"சனிக்கெழம சனிக்கெழம புள்ளைகள இங்க கொண்டாந்து விடச் சொல்லு ஒன் வீட்டுக்காரர்கிட்ட. டீச்சர் பாடம் பாக்கட்டும். நான் வெளையாட்டுப் பாக்குறேன்."

அவள் இங்கிலாந்து போய்விட்டாள். அங்கேயும் வார்ட்டில்தான் வேலை. கூப்பிடும்போதெல்லாம் முதலில் ஐயாவின் கால் எப்படி என்று கேட்கிறாள். கீர்த்தனா, போன் மாற்றித் தருகிற வசனத்தை நான் குறை சொல்லவில்லை. அது யாருக்காகச் சொல்கிறது என்று அதற்குத் தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும். அதற்குத்தான் இன்னும் சொல்லிக் கொடுக்கிறோம்.

இதோ, ஓட்டோச் சத்தம் கேட்கிறது. புஷ்பராணியின் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவர் எனக்கு முன்பே எழுந்து வாசல் கேட்டுக்கு நடந்துவிட்டார்.